காலை ஆறே முக்காலுக்கு ஒரு கதவு: பிள்ளைகளுக்கு அட்வென்ட் காலண்டர் வாங்குவது எப்படி?

கேள்வி: "மார்ச்சில்தான் கோவையிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வந்தோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. பள்ளியிலும் கிண்டர்கார்டனிலும் அட்வென்ட் காலண்டர் பேச்சுதான். டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒரு குட்டிக் கதவைத் திறந்து கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணுவதாம். கடையில் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள், தலை சுற்றுகிறது. நாங்கள் சைவம், கிறிஸ்தவர்களும் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து 50 யூரோவுக்குள் எதை வாங்கினால் பிள்ளைகள் நிஜமாகவே ரசிப்பார்கள்?"

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள். வெளியே கும்மிருட்டு. மகன் ஒரு கால் சாக்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறான். மகளுக்குக் குளிர் ஆடையை மாட்டிவிட வேண்டும், அவள் கையை நீட்ட மாட்டேன் என்கிறாள். சாப்பாட்டு டப்பாவை இன்னும் மூடவில்லை. சரியாக அந்த நேரத்தில்தான் இரண்டு பேரும் ஓடிப்போய் அன்றைய கதவைத் திறப்பார்கள். "சாயங்காலம் திறக்கலாம்" என்று சொல்லிப் பார்க்கலாம், நானும் சொல்லிப் பார்த்தேன். முதல் நாள் கேட்டார்கள்.

இங்கே பலர் காலண்டரை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குகிறார்கள். நான் முதலில் பார்ப்பது அதை எப்போது திறப்பார்கள், திறந்த பிறகு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை. இது புத்தியால் வந்த ஞானம் இல்லை, பட்டு வந்தது. இந்தப் பக்கம் வந்து 14 வருடம் ஆகிறது. முதல் வருடம் மலிவான சாக்லெட் காலண்டர் ஒன்றை வாங்கி, அழகாக இருக்கட்டும் என்று சமையலறையில் ஹீட்டருக்கு மேலே மாட்டினேன். டிசம்பர் 3-ஆம் தேதி கதவைத் திறந்தால் உள்ளே பழுப்புக் குழம்பு. அடுத்த வருடம் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தேன். அப்போது மூன்று வயதான சின்னவள் ஒரே மத்தியான வேளையில் 24 கதவையும் திறந்து முடித்துவிட்டு, 25 எங்கே என்று கேட்டாள். அதற்கு அடுத்த வருடம் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டும் பொம்மைக் காலண்டர். ஒரு காலை குட்டி வண்டி ஒன்று வந்தது. ஒரு சக்கரம் சோஃபாவுக்கு அடியில் உருண்டுபோனது. பேருந்தும் போனது.

இனி கதைக்கு வருகிறேன். உங்களுக்கு இதில் ஒரு தனி உரிமை இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் குடியேறியிருக்கும் வட்டாரம்தான் இந்தக் காலண்டரின் தாய்வீடு மாதிரி. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் புராட்டஸ்டன்ட் வீடுகளில் கதவிலோ சுவரிலோ சுண்ணாம்புக் கட்டியால் 24 கோடு போடுவார்கள். நாளுக்கு ஒரு கோட்டைக் குழந்தை அழிக்கும். கத்தோலிக்க வீடுகளில் இயேசு பாலன் படுக்கப்போகும் தொட்டிலில் நாளுக்கு ஒரு வைக்கோல் வைப்பார்கள். ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்பவர் 1839-இல் ஒரு மர வளையத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும் மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தியும் வைத்து ஏற்றினார். "கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ" என்று அந்தப் பிள்ளைகள் நச்சரித்ததுதான் காரணம் என்று சொல்வார்கள். இன்று வீட்டுக்கு வீடு மேஜைமேல் நான்கு மெழுகுவர்த்தியோடு பார்க்கிறீர்களே, அந்த வளையத்தின் மூதாதை அதுதான்.

அச்சடித்த காலண்டருக்கு வருவோம். ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே மௌல்பிரான் என்ற ஊரில் 1881-இல் பிறந்தவர் கெர்ஹார்ட் லாங். அவர் சிறுவனாக இருந்தபோது அம்மா ஓர் அட்டையில் 24 கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக "விபலே" என்ற குட்டி பிஸ்கெட்டைத் தைத்துக் கொடுத்தாராம். விபலே இந்தப் பக்கத்துப் பலகாரம். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரண்டு உருண்டை ஒட்டிய மாதிரி இருக்கும். பேக்கரியில் பார்த்தால் ஒரு பொட்டலம் வாங்குங்கள், பின்னால் பயன்படும். அந்தப் பையன் வளர்ந்து ம்யூனிக்கில் அச்சகத் தொழிலில் இறங்கி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலண்டர் அச்சடித்தார். முதலில் வந்ததில் கதவெல்லாம் கிடையாது. ஒரு தாளில் 24 படம், இன்னொரு தாளில் 24 கட்டம். நாளுக்கு ஒரு படத்தை வெட்டி ஒட்ட வேண்டும். திறக்கிற குட்டிக் கதவுகள் 1920-களில்தான் பரவின. போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாட்டில் எல்லாம் நின்றுபோனது. போர் முடிந்த மறு வருடமே, 1946-இல், இதே ஸ்டுட்கார்ட்டில் ரிச்சர்ட் செல்மர் ஒரு சின்ன ஊரின் படத்தோடு காலண்டர் போட்டார். அமெரிக்க அதிபர் ஐசனோவர் தன் பேரப்பிள்ளைகளோடு அப்படியொரு காலண்டரை வைத்திருக்கும் படம் 1950-களில் பத்திரிகையில் வந்து, கடல் தாண்டியும் இது பிரபலமானது. செல்மரின் நிறுவனம் இன்றும் படக் காலண்டர் அச்சடிக்கிறது. சாக்லெட் உள்ளே நுழைந்ததெல்லாம் பெரும்பாலும் 1950-களுக்குப் பிறகு.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பாதிக் காலத்துக்கு மேல் இந்தக் காலண்டரில் தின்னவோ விளையாடவோ எதுவும் இல்லை. வெறும் எண்ணிக்கைதான். மார்கழியில் நாளுக்கு ஒரு திருப்பாவை என்று 30 நாள் எண்ணிப் பழகிய வீட்டுக்கு இது புரியாத விஷயம் இல்லை. கிறிஸ்தவர் இல்லையே என்று நீங்கள் தயங்க வேண்டியதும் இல்லை. கடையில் இருப்பதில் பெரும்பகுதி பனி, நரி, குட்டிச்சாத்தான் தொப்பி, ரயில் வண்டி என்றுதான் இருக்கிறது. கிறிஸ்து பிறப்புக் காட்சி வேண்டுமென்றால் தேடித்தான் வாங்க வேண்டும். உங்கள் மகளின் கிண்டர்கார்டன் தேவாலயம் நடத்துவது என்றால் அந்தக் கதையை அவள் அங்கேயே கேட்டு வந்து உங்களுக்குச் சொல்லுவாள்.

சரி, வகைகளுக்கு வருவோம்.

படக் காலண்டர். என் முதல் ஓட்டு இதற்குத்தான், குறிப்பாக 4 வயதுப் பிள்ளைக்கு. மினுமினுப்புத் தூள் தூவிய அட்டை, 24 கதவு, கதவுக்குப் பின்னால் மெல்லிய தாளில் ஒரு படம். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் வெளிச்சம் பின்னாலிருந்து வந்து படம் ஒளிரும். சில யூரோதான். "இதில் ஒன்றுமே இல்லையே" என்று உங்களுக்குத் தோன்றும். 4 வயதுக்கு அப்படித் தோன்றாது. எண்கள் வரிசையாக இருக்காது, கலைத்துப் போட்டிருப்பார்கள். 7 எங்கே, 17 எங்கே என்று தேடுவதே பாதி விளையாட்டு. ஜெர்மன் எண்ணில் இருக்கும் கோணல் உங்களுக்கே இதற்குள் தெரிந்திருக்கும். நாம் இருபத்து நான்கு என்போம், இவர்கள் நான்கும் இருபதும் என்பார்கள். என் பெரியவன் 21-க்குப் பதிலாக 12-ஐத் திறந்துவிட்டு வந்து நின்ற காலை இன்னும் நினைவிருக்கிறது. மகள் ஜெர்மன் எண்ணுவது இந்த ஒரு மாதத்தில் சரியாகிவிடும். காலையில் முப்பது விநாடியில் வேலை முடியும் என்பதையும் கவனியுங்கள்.

சாக்லெட் காலண்டர். எல்லாக் கடையிலும் செப்டம்பரிலிருந்தே கிடைக்கும். வழக்கமானதில் மொத்தம் 75 கிராம், அதாவது கதவுக்கு மூன்று கிராம் சொச்சம். காலையில் வெறும் வயிற்றில் தின்கிறதே என்று கவலைப்படுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. பெரிய அளவில் பிராண்ட் சாக்லெட் போட்டு விற்பதில்தான் கணக்குக் கூடும். சைவ வீட்டுக்குச் சாக்லெட்டைவிட மிட்டாய்க் காலண்டர்தான் சிக்கல். மென்று தின்னும் கரடி மிட்டாய் வகையில் கெலட்டின் இருக்கும், பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்தது. சிவப்பு நிறத்துக்கு ஈ 120 என்று போட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம். வி என்ற எழுத்தோடு வரும் சைவ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துத்தான் ஆக வேண்டும். அப்புறம், பெரியவர்களுக்கான காலண்டரும் அதே அலமாரியில் பக்கத்திலேயே இருக்கும். மதுபானம் ஊற்றிய சாக்லெட்டைப் பளபள அட்டை பார்த்துப் பிள்ளைக்கு எடுத்துவிடாதீர்கள்.

ஒரு பழைய விவகாரமும் உண்டு. ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் என்ற நுகர்வோர் சோதனை அமைப்பு 2012-இல் 24 சாக்லெட் காலண்டர்களைச் சோதித்தது. எல்லாவற்றிலும் கனிம எண்ணெயின் தடயம் இருந்தது. மறுசுழற்சி அட்டையிலிருந்தும் அச்சு மையிலிருந்தும் அது சாக்லெட்டுக்குள் இறங்கக்கூடும். அதனால் நான் சாக்லெட் காலண்டர் வாங்கினால், துண்டுகள் தனித்தனியே தாளில் சுற்றியதாகவோ, அட்டை புது நாரில் செய்தது என்று குறிப்பிட்டதாகவோ பார்த்து எடுக்கிறேன். இதற்காகப் பதற வேண்டாம், மூன்று கிராம் சாக்லெட்தான். ஆனால் இரண்டில் ஒன்றை எடுக்கும்போது எதை எடுப்பது என்று முடிவு செய்ய இது உதவும்.

பொம்மைக் காலண்டர். உங்கள் மகன் கேட்பது இதுவாகத்தான் இருக்கும். லெகோ, ப்ளேமொபில், ஷ்லைஷ் மாதிரி நிறுவனங்கள் வருடா வருடம் போடுகின்றன. லெகோ சிட்டி வகை சுமார் 25 யூரோ, திரைப்படக் கதாபாத்திரங்கள் வரும் வகை அதைவிட அதிகம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: 24 துண்டும் சேர்ந்து ஒன்றாகுமா? ஒரு குளிர்கால ஊர், ஒரு பண்ணை, ஒரு கடை என்று முதல் நாள் வந்ததோடு ஐந்தாம் நாள் வந்ததைச் சேர்த்து விளையாட முடிந்தால், டிசம்பர் 25-க்குப் பிறகும் அது உயிரோடு இருக்கும். ஒரு நாள் பம்பரம், ஒரு நாள் சாவிக்கொத்து, ஒரு நாள் பிளாஸ்டிக் மோதிரம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வருகிற காலண்டர்கள் ஜனவரியில் குப்பைத்தொட்டிக்குத்தான் போகின்றன. அவற்றுக்கு நான் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டேன். இன்னொன்று: லெகோவில் சில நாட்கள் பனிமனிதனோ ஒரு சின்ன மேஜையோதான் வரும். அன்று பையன் முகம் தொங்கும். "எல்லா நாளும் பெரியது வராது" என்று நவம்பரிலேயே சொல்லி வையுங்கள்.

பொம்மைக் காலண்டர் வாங்கினால், கட்டுவது மாலையில்தான் என்று ஓர் ஒப்பந்தம் வேண்டும். எங்கள் வீட்டில் கடைசியில் பலித்தது இதுதான்: காலையில் கதவைத் திறக்கலாம், உள்ளே இருப்பதை எடுத்து ஒரு கிண்ணத்தில் போடலாம், பையைப் பிரிக்கக் கூடாது. திறக்கிற ஆசையும் தீர்ந்தது, சக்கரமும் உருளவில்லை.

வீட்டில் 4 வயதுப் பிள்ளை இருப்பதால் பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். 0-3 என்று போட்டு ஒரு முகத்தைக் குறுக்கே கோடிட்டிருக்கும் சின்னம், மூன்று வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்பதற்காக. 4 வயது தாண்டிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எதையும் வாயில் வைக்கும் பழக்கம் இன்னும் இருந்தால் டாய்லெட் பேப்பர் உருளைக்குள் நுழையக்கூடிய எதையும் தள்ளியே வையுங்கள், வீட்டில் செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை அது. பொத்தான் பேட்டரியும் சின்னக் காந்தமும் இருக்கும் காலண்டர்கள் உண்டு. மின்னணுப் பரிசோதனை, மின்னும் விளக்கு என்றெல்லாம் வரும். இவற்றில் எதை விழுங்கினாலும் உணவுக்குழாயிலோ குடலிலோ கடுமையான காயம் ஏற்படலாம், விளையாட்டே இல்லை. அண்ணனுக்கு வாங்கியதைத் தங்கை எடுக்கத்தான் எடுப்பாள். அதனால் அவனுடைய காலண்டரில் இருப்பதையும் அவளுடைய வயதை வைத்துப் பாருங்கள்.

புத்தகக் காலண்டர். இதை நம்மவர்கள் அதிகம் கவனிப்பதில்லை, எனக்கோ இதுதான் செல்லம். இரண்டு விதம். ஒன்று, ஒரே கதை 24 அத்தியாயம், பக்கங்களின் ஓரம் ஒட்டியிருக்கும். நாளுக்கு ஓர் அத்தியாயத்தைக் கத்தியால் பிரித்துப் படிக்க வேண்டும். முன்கூட்டி எட்டிப் பார்க்க முடியாது. மற்றது, கதவுக்கு ஒரு குட்டிப் புத்தகம். கார்ல்சன் பதிப்பகத்தின் பிக்ஸி காலண்டர் பிரபலம். பிக்ஸி என்பது உள்ளங்கை அளவு சதுரப் புத்தகம், 1954-லிருந்து ஜெர்மனியில் வருகிறது. குழந்தை மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். காலையில் கதவைத் திறந்து புத்தகத்தை எடுத்து வைத்தால் போதும், ராத்திரி படுக்கையில் ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஒரு குட்டி நூலகம் கையில். ரயில் பயணத்துக்குக் கைப்பையில் நாலு புத்தகத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். உங்களுக்கும் லாபம் உண்டு. எளிய வாக்கியங்கள் என்பதால் வந்த முதல் வருட ஜெர்மனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். நான் வாசிக்க ஆரம்பித்த மூன்றாம் நாளே என் மகள் உச்சரிப்பைத் திருத்த ஆரம்பித்தாள். ஐந்தாம் நாள் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

புதிர்க் காலண்டர். 9 வயதுக்கு இது சரியான தீனி. நாளுக்கு ஒரு புதிர், விடையில் வரும் எண்தான் அடுத்த கதவு. அதனால் எந்தக் கதவை எப்போது திறப்பது என்பது விடை கண்டுபிடிக்கும் வரை தெரியாது. ஸ்டுட்கார்ட்டின் காஸ்மாஸ் பதிப்பகம் போடும் எக்ஸிட் வகை பெயர் பெற்றது. பெரும்பாலும் 10 வயதிலிருந்து என்று இருக்கும். 9 வயதுப் பையன் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தால் ஓடும். ஆனால் கவனம், புதிருக்கு நல்ல ஜெர்மன் வாசிப்பு வேண்டும். மார்ச்சில் வந்த பையனுக்கு இந்த வருடம் அது எரிச்சலாகலாம். படமும் எண்ணும் அதிகம் இருக்கும் எளிய வகை ஒன்றை எடுங்கள், அல்லது அடுத்த வருடத்துக்கு ஒத்தி வையுங்கள். காலையில் இதைத் தொடவே கூடாது, இது முழுக்க ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகான சமாச்சாரம்.

இனி நீங்களே நிரப்பும் காலண்டர். 24 எண் போட்ட துணிப் பைகள், ஒரு கயிறு, துணி மாட்டும் கிளிப்புகள். அக்டோபரிலிருந்து மருந்து-அழகுப் பொருள் கடைகளிலும் கைவினைக் கடைகளிலும் பை கிடைக்கும். ஒரு முறை வாங்கினால் பத்து வருடம் வரும். எங்கள் வீட்டுப் பை 11 வருடமாக ஓடுகிறது, 19 மட்டும் தொலைந்து அதற்குப் பதில் ஒரு குழந்தை சாக்ஸ் தொங்குகிறது. பையே வேண்டாம் என்றால் தீப்பெட்டி, முட்டை அட்டை, டாய்லெட் பேப்பர் உருளை எதுவும் ஆகும்.

எல்லாரும் தவறுகிற இடம் நிரப்புவதில்தான். 24 பரிசு வாங்கினால் 50 யூரோ எப்போதோ தாண்டிவிடும், டிசம்பர் 24 மாலை வரப்போகும் நிஜப் பரிசும் சப்பென்று ஆகிவிடும். ஒன்றைப் பிரித்து 24 ஆக்குவதுதான் சூட்சுமம். 48 துண்டு ஜிக்சா படத்தைப் பைக்கு இரண்டு துண்டாகப் போடுங்கள், 24-ஆம் தேதி காலை படம் முழுசாகும். சாதாரண லெகோப் பெட்டி ஒன்றை வாங்கி, செய்முறைப் புத்தகத்தைப் பார்த்துப் பையில் பிரித்துப் போட்டால் அது உங்களுடைய லெகோக் காலண்டர். ஒரு வண்ணப் பென்சில் பெட்டியில் 12 இருக்கும், ஒற்றைப்படை நாளெல்லாம் ஒரு பென்சில், இரட்டைப்படை நாளெல்லாம் வரைய ஒரு சின்னத் தாள். நடுநடுவே ஒரு ஆரஞ்சு, உடைக்காத வாதுமைக்கொட்டை, நான்கு விபலே. பிஸ்கெட் சுடப்போகும் சனிக்கிழமைக்கு முந்தின நாள் நட்சத்திர அச்சு.

அப்புறம் சீட்டுகள். "இன்று இரவு தோசை, சட்னி நீ சொல்கிறதுதான்." "இன்று பள்ளியிலிருந்து வந்ததும் கிறிஸ்துமஸ் சந்தை." "இன்று அப்பாவோடு இருட்டில் டார்ச் எடுத்துக்கொண்டு நடை." இவற்றுக்குச் செலவு இல்லை, ஆனால் உங்கள் நேரம் வேண்டும். அதனால் எழுதுவதற்கு முன் அலுவலகக் காலண்டரைப் பார்த்துவிடுங்கள். இரவு எட்டு மணி வரை மீட்டிங் இருக்கும் நாளில் கிறிஸ்துமஸ் சந்தைச் சீட்டு வந்து விழுந்த அனுபவம் எனக்கு உண்டு. சீட்டை ஞாயிறுகளுக்கும் வெள்ளி மாலைகளுக்கும் வையுங்கள், வார நாட்களில் பென்சிலும் ஆரஞ்சும் போதும். 6-ஆம் தேதி நிக்கோலவுஸ் நாள், அதாவது புனித நிக்கோலஸின் திருநாள். முந்தின இரவு பிள்ளைகள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்கள், காலையில் அதில் தின்பண்டம் இருக்க வேண்டும். அன்று பையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் குற்றமில்லை.

எங்கள் வீட்டில் இன்றுவரை பேசப்படுவது வேறு ஒன்று. ஒரு வருடம் என் அம்மாவிடம் சொல்லி, ஒரு நிமிடத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் குரல் பதிவுகள் வாங்கி வைத்தேன். ஒன்றில் அவர் பள்ளிக்கூடத்துக்கு ஆற்றைக் கடந்த கதை, ஒன்றில் மாடு பெயர்கள், ஒன்றில் வெறும் விடுகதை. பையில் ஒரு சீட்டு, அதில் "பாட்டி" என்று மட்டும். குளிர்காலத்தில் இங்கே காலை ஏழு என்றால் ஊரில் பதினொன்றரை, அம்மா சமையல் முடித்திருப்பார். விடுகதைக்கு விடை தெரியவில்லை என்றால் பிள்ளைகள் அங்கேயே போன் போட்டுக் கேட்டுவிடுவார்கள். உங்கள் பக்கத்து அம்மிச்சியும் சளைக்காமல் பேசுவார் என்று நினைக்கிறேன். எட்டுப் பதிவு இருந்தால் போதும், மூன்று நாளைக்கு ஒன்று. 24-ம் கேட்டால் அவருக்கும் அலுத்துவிடும்.

இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்றா, இரண்டா? வாங்குவது என்றால் ஆளுக்கு ஒன்று, அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். நீங்களே நிரப்புவது என்றால் ஒரே கயிறு போதும். ஒற்றைப்படை அண்ணனுக்கு, இரட்டைப்படை தங்கைக்கு, ஆளுக்கு 12. முதல் நாள் யாருக்கு, 24 யாருக்கு என்ற சண்டை அதிலேயே தீர்ந்துவிடும், ஒருவருக்கு முதல், ஒருவருக்குக் கடைசி. ஆனால் தன்னுடையது இல்லாத நாளில் 4 வயது அழும். படக் காலண்டர் ஒன்றும் கூடவே இருந்தால் தினமும் திறக்க அவளுக்கு ஏதோ ஒன்று இருக்கும்.

வாங்காமலே அனுபவிக்கக்கூடிய காலண்டரும் இருக்கிறது. ஜெர்மனியில் பல ஊர்களில், பல தெருக்களில் "உயிருள்ள அட்வென்ட் காலண்டர்" நடத்துவார்கள். நாளுக்கு ஒரு வீடு தன் ஜன்னலை அலங்கரித்து எண் போட்டு மாலையில் வெளிச்சம் போடும். அக்கம்பக்கத்தார் கூடி நின்று ஒரு பாட்டு, ஒரு கதை, சூடாக ஏதாவது குடித்துவிட்டுக் கலைவார்கள். பெரும்பாலும் கோப்பையை நாமே எடுத்துப் போக வேண்டும். பகுதித் தேவாலயத்தின் அறிவிப்புப் பலகையிலோ கிண்டர்கார்டன் வாசலிலோ பட்டியல் ஒட்டியிருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு அக்கம்பக்கம் பழக இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. நாலாவது வருடம் ஒரு ஜன்னலை நாங்கள் எடுத்துக்கொண்டோம், அன்று கொடுத்த சுக்குக் காப்பியைப் பற்றித் தெருவில் இன்னும் கேட்கிறார்கள். ஒரு வார இறுதி ஒழிந்தால் பிளாக் ஃபாரஸ்ட்டில் இருக்கும் கெங்கன்பாக்குக்குப் போய் வாருங்கள். அங்கே நகராட்சிக் கட்டடத்துக்கு முன்பக்கம் சரியாக 24 ஜன்னல். 1996-லிருந்து அந்தக் கட்டடத்தையே காலண்டராக்கி, மாலை 6 மணிக்கு நாளுக்கு ஒரு ஜன்னல் திறக்கிறார்கள். ஷகால், ஆண்டி வார்ஹோல் மாதிரி பெரிய ஓவியர்களின் படங்களெல்லாம் அந்த ஜன்னல்களில் வந்திருக்கின்றன. மாதக் கடைசியில் போனால் ஏறக்குறைய எல்லா ஜன்னலும் திறந்திருக்கும், தொடக்கத்தில் போனால் கூட்டம் குறைவு.

உங்கள் 50 யூரோவுக்கு என் கணக்கு இப்படி. மகளுக்கு ஜன்னலில் ஒரு படக் காலண்டர், கூடவே பிக்ஸி மாதிரி குட்டிப் புத்தகம் வருவது. மகனுக்கு அவன் கேட்கும் பொம்மைக் காலண்டர், ஆனால் 24 துண்டும் ஒன்றோடொன்று சேரும் வகை. அத்தனையும் சேர்த்தால் பட்ஜெட்டை ஒட்டி வரும், கொஞ்சம் மிஞ்சினால் விபலே. நிரப்பும் பையை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் குளிர்காலத்தில் அதையும் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம், பாட்டி சீட்டு ஏழெட்டை மட்டும் எப்படியாவது நுழைத்துவிடுங்கள். சாக்லெட் காலண்டர் நீங்கள் வாங்காவிட்டாலும் யாராவது ஒருவர் கொடுத்துவிடுவார், பார்த்துக்கொண்டே இருங்கள்.

பேர் பெற்ற பொம்மைக் காலண்டர்கள் நவம்பர் நடுவிலேயே தீர்ந்துபோகும், அதனால் நவம்பர் முதல் வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். வாங்கியதை அலமாரிக்கு மேலே, சாக்லெட் என்றால் ஹீட்டர் இல்லாத அறையில் ஒளித்து வையுங்கள். நவம்பர் 30 இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, படக் காலண்டரை ஜன்னலிலும் மற்றவற்றைச் சின்னவளுக்கு எட்டாத உயரத்திலும் மாட்டுங்கள். மாட்டியதும் எல்லாக் காலண்டரிலும் 1 எங்கே ஒளிந்திருக்கிறது என்று நீங்கள் முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு அதைத் தேட நேரம் இருக்காது.